விழுந்த பல் ஆறிவிடும். பின்வரிசைப் பல்லைப் பாருங்கள்

வாசகி ஒருவர் தன் மகளைப் பற்றி எழுதியிருக்கிறார். குழந்தைக்கு 6 வயது 8 மாதம். கீழ்வரிசை முன்பல் ஒன்று இரண்டு வாரமாக ஆடிக்கொண்டிருந்தது. சாப்பிட முடியாமல் குழந்தை அழுததால், நான்கு நாள்களுக்கு முன் இரவில் வாசகியின் மாமியார் அந்தப் பல்லில் நூல் கட்டி இழுத்திருக்கிறார். பல் வந்துவிட்டது, கூடவே ரத்தமும். பயந்துபோன வாசகி பஞ்சை வைப்பதும் எடுத்துப் பார்ப்பதும், தண்ணீர் கொடுத்துக் கொப்பளித்துத் துப்பச் சொல்வதுமாக இருந்திருக்கிறார். ஏறக்குறைய முக்கால் மணி நேரம் ரத்தம் நிற்கவில்லை. மறுநாள் காலையில் பல் விழுந்த குழியில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. சீழ் என்று நினைத்துக் கிராம்பு எண்ணெயைப் பஞ்சில் நனைத்துத் தடவ, குழந்தை துடித்துவிட்டாள். அன்றிலிருந்து யாரையும் வாயருகே விடுவதில்லை. பல் துலக்கியே நான்கு நாள்கள் ஆகின்றன. சிரிப்பு வந்தாலும் கையால் வாயை மூடிக்கொள்கிறாளாம்.

விழுந்த பல்லில் வேரே இல்லை, வேர் முறிந்து உள்ளே நின்றுவிட்டதோ என்பது வாசகியின் அடுத்த பயம். குழிக்குப் பின்னால், நாக்குப் பக்கமாக, மஞ்சள் நிறத்தில் ரம்பம் போன்ற விளிம்போடு ஒரு பல்லின் நுனி தெரிகிறது. பல் கோணலாகிவிடுமா என்று கேட்கிறார். கடிதத்தின் முடிவில் இன்னும் சில வரிகள் இருக்கின்றன: "கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்றில் சொத்தை இருக்கிறது. சில நாள் இரவில் வலி என்று எழுந்துவிடுகிறாள். எப்படியும் விழப்போகிற பல்தானே, அதற்கு எதற்கு வைத்தியம் என்கிறார் என் கணவர். எனக்கும் அது சரியென்றே படுகிறது. அதற்குப் பின்னால் இன்னொரு பெரிய பால்பல் முளைத்திருக்கிறது. அதன் மேலும் கறுப்பாக ஒரு கோடு தெரிகிறது."

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் பெரும்பகுதி முன்பல்லைப் பற்றியது. கடைவாய்ப் பல்லைப் பற்றிக் கடைசியில் சில வரிகள் மட்டுமே இருக்கின்றன. குழந்தைகளின் பல்லையே பார்த்துக்கொண்டிருக்கும் எனக்கு, படித்து முடித்ததும் மனத்தில் தங்கியவை அந்தச் சில வரிகள்தான். ஆனாலும் நான்கு நாள்களாக நீங்கள் சரியாகத் தூங்கியிருக்க மாட்டீர்கள் என்பது எழுத்திலேயே தெரிகிறது. எனவே முன்பல்லிலிருந்தே தொடங்குகிறேன். நீங்கள் செய்த எதனாலும் உங்கள் மகளுக்கு நிலையான பாதிப்பு ஏற்படவில்லை. இதை முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ரத்தமும் அந்த வெள்ளைப் படலமும்

பல் விழுந்த இடத்தில் ரத்தம் உறைந்து ஒரு சிறு கட்டியாக நிற்கும். காயத்தை மூடும் மூடி அதுதான். அது உருவாவதற்கு அழுத்தமும் அசையாமல் இருக்கும் நேரமும் வேண்டும். சுத்தமான காஸ் துணியையோ, நனைத்துப் பிழிந்த மெல்லிய பருத்தித் துணியையோ சிறிதாக மடித்துக் குழியின் மேல் வைத்து, 10 முதல் 15 நிமிடம் கடித்தபடி இருக்கச் செய்ய வேண்டும். இடையில் ஒருமுறைகூட எடுத்துப் பார்க்கக் கூடாது. பார்க்கும் ஒவ்வொரு முறையும் உறையத் தொடங்கிய ரத்தம் துணியோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். கொப்பளித்துத் துப்பினாலும் அதுவே நடக்கும். உங்கள் வீட்டில் அன்று முக்கால் மணி நேரம் ரத்தம் நிற்காமல் போனதற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். அது நிற்கத்தான் பார்த்தது, நிற்க விடாமல் நாம்தான் கழுவிக்கொண்டே இருந்துவிட்டோம். போதாததற்கு, சில சொட்டு ரத்தம் உமிழ்நீரோடு கலந்தால் வாய் நிறைய ரத்தம் போலத் தெரியும். பெற்றோர் பதறுவது இயல்பு.

அடுத்த பல் விழும்போது ஒரு கடிகாரத்தை எதிரே வைத்துக்கொள்ளுங்கள். 15 நிமிடம் என்றால் 15 நிமிடம். நிற்காவிட்டால் புதிய துணி வைத்து இன்னொரு 15 நிமிடம். அப்படி அழுத்திப் பிடித்த பிறகும் நிற்கவில்லை என்றால் டாக்டரிடம் போக வேண்டும். உங்கள் மகளுக்குச் சின்னச் சின்ன அடிக்கெல்லாம் பெரிய பெரிய நீலத் தழும்பு வருவது, அடிக்கடி மூக்கில் ரத்தம் வருவது, குடும்பத்தில் யாருக்காவது ரத்தம் உறையாத நோய் இருப்பது போன்றவை உண்டென்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். சில குழந்தைகளுக்கு ரத்தம் உறைவதில் உள்ள குறை, பல் விழும்போதுதான் முதன்முதலில் வெளியே தெரியவரும்.

மறுநாள் பார்த்த வெள்ளைப் படலம் சீழ் அல்ல. முழங்கால் சிராய்ந்தால் பழுப்பு நிறத்தில் பொருக்குத் தட்டுகிறதே, அதன் வாய்க்குள் வடிவம் இது. வெளித்தோலில் காற்றுப் பட்டுக் காய்ந்து பழுப்பாகிறது. வாயில் எப்போதும் ஈரம் இருப்பதால் காயாமல் வெண்மையாக, வழுவழுப்பாக நிற்கிறது. அதைச் சுரண்டவோ துடைத்தெடுக்கவோ வேண்டாம். சில நாள்களில் தானாக மறைந்து அடியிலிருந்து இளஞ்சிவப்பு ஈறு தெரியும். சீழ் என்றால் ஈறு வீங்கும், நாளுக்கு நாள் வலி கூடும், காய்ச்சலும் வரலாம். நீங்கள் எழுதியிருப்பதில் இவை எதுவும் முன்பல் பக்கம் இல்லை.

கிராம்பு எண்ணெயை இனித் தொடாதீர்கள். அது பலர் நினைப்பதைவிட வீரியமானது. புண்ணில் நேரடியாகப் பட்டால் ஈறு வெந்துபோகும், குழந்தை அதை விழுங்கிவிட்டால் கல்லீரலைக்கூடப் பாதிக்கும். தானாக விழும் பால்பல்லுக்குப் பெரும்பாலும் வலி மருந்தே தேவைப்படாது. தேவைப்பட்டால் பாராசிட்டமால் போதும். குழந்தையின் எடையில் ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்று கணக்கிட்டு, இரண்டு வேளைக்கு நடுவே 4 முதல் 6 மணி நேரம் இடைவெளி விட்டு, ஒரு நாளைக்கு நான்கு வேளைக்கு மேல் போகாமல் கொடுக்கலாம். ஆஸ்பிரின் மட்டும் குழந்தைகளுக்குக் கூடாது. ரத்தம் உறைவதைத் தடுக்கும். அரிதாக மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரே நோய்க்குறியையும் வரவழைக்கும். வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாட்டிக் மருந்தையும் "எதற்கும் இருக்கட்டும்" என்று கொடுத்துவிடாதீர்கள். பல் விழுந்ததற்கு அது வேண்டியதே இல்லை.

முதல் 24 மணி நேரம் கொப்பளிக்காமல், உறிஞ்சுகுழல் வைத்துக் குடிக்காமல், மிகச் சூடாக எதுவும் சாப்பிடாமல் இருந்தால் போதும். அந்தக் கட்டம் உங்களுக்கு முடிந்துவிட்டது. இப்போது விருப்பமிருந்தால் ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்புப் போட்டு, சாப்பிட்ட பிறகு மெதுவாக வாயில் வைத்திருந்து துப்பச் சொல்லலாம். அவளுக்குப் பிடிக்கவில்லை என்றால் அதுவும் வேண்டாம். குழி அது இல்லாமலேயே ஆறும்.

வேர் உள்ளே இல்லை

விழுந்த பல்லைப் பத்திரமாக வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதை எடுத்து வெளிச்சத்தில் கவிழ்த்துப் பாருங்கள். மேலே அரிசி போல வெள்ளையாக இருக்கும். அடியில் பார்த்தால் கிண்ணம் போலக் குழிந்து, விளிம்பு பூச்சி அரித்த இலை போல ஒழுங்கற்று, நடுவில் கொஞ்சம் காய்ந்த ரத்தம் இருக்கும். அப்படி இருந்தால் கவலையே இல்லை. பால்பல்லுக்கும் நல்ல நீளமான வேர் உண்டு. கீழே வளரும் நிரந்தரப் பல் மேலே ஏற ஏற, அந்த வேரை உடலே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடுகிறது. பல் ஆடத் தொடங்குவதே பிடித்து நிற்க வேர் இல்லாமல் போவதால்தான். கடைசியில் கையில் கிடைப்பது தலைப்பகுதி மட்டுமே. வேர் எங்கே என்று கேட்டு, கைக்குட்டையில் சுற்றிய பல்லோடு என்னிடம் வராத பெற்றோர் குறைவு.

சில சமயம் சிறிய துண்டு உள்ளே தங்குவதும் உண்டு. அதுவும் கரையும், அல்லது புதுப் பல் வரும்போது மேலே தள்ளப்பட்டு வெளியே வந்துவிடும். அதைத் தேடித் தோண்டுவதுதான் ஆபத்து, அடியில் புதுப் பல் இருக்கிறது.

இதற்கு நேர்மாறான ஒன்றையும் சொல்லிவைக்கிறேன், உங்களுக்கு இல்லாவிட்டாலும் படிக்கும் வேறு யாருக்காவது உதவும். 5 வயதுக்கு முன்பே, அடிபடாமல், சொத்தையும் இல்லாமல், நீண்ட வேரோடு பால்பல் முழுசாக விழுந்தால் அது இயல்பல்ல. எலும்பும் பல்லும் சரியாக இறுகாத சில அரிய நோய்களின் முதல் அடையாளமாக அது இருக்கலாம். அந்தப் பல்லைத் தூக்கியெறியாமல் டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்ட வேண்டும்.

உங்கள் மாமியார் மீது வருத்தம் வைத்துக்கொள்ளாதீர்கள். குழந்தை சாப்பிட முடியாமல் அழுவதைப் பார்க்கப் பொறுக்காமல் செய்திருக்கிறார். ஆனால் அடுத்த பல்லுக்கு நூல் வேண்டாம். வேர் முழுதாகக் கரையாத நிலையில் வெடுக்கென்று இழுத்தால் ஈறு கிழியும், வலியும் ரத்தமும் கூடும். குழந்தையே நாக்காலும் சுத்தமான விரலாலும் ஆட்டிக்கொண்டிருக்கட்டும். ஓர் ஓரத்தில் மட்டும் ஒட்டிக்கொண்டு எல்லாப் பக்கமும் சாயும் நிலை வந்தால், துணியால் பிடித்து இலேசாகத் திருகினாலே கையோடு வந்துவிடும். அப்படி வரவில்லை என்றால் இன்னும் நேரம் வரவில்லை என்று பொருள்.

நாக்குப் பக்கம் முளைக்கும் பல்

கீழ்வரிசை முன்பற்களின் கரு, பால்பல்லின் வேருக்குப் பின்புறம், நாக்குப் பக்கமாகத்தான் உருவாகிறது. ஆகவே புதுப் பல் பின்னால் எட்டிப் பார்ப்பது வழக்கமே. இரண்டு வரிசையாகப் பல் தெரிந்தாலும், பால்பல் விழுந்து இடம் கிடைத்ததும் நாக்கு அதை நாள் முழுவதும் மெல்ல மெல்ல முன்னே தள்ளும். சில மாதங்களில் பெரும்பாலும் வரிசைக்கு வந்துவிடும். நீங்கள் விரலால் தள்ள வேண்டாம். பக்கத்துப் பால்பல்லுக்குப் பின்னாலும் இப்படிப் புதுப் பல் தெரிந்து, அந்தப் பால்பல் இரண்டு மூன்று மாதமாகியும் ஆடவே இல்லை என்றால் மட்டும் டாக்டர் அதை எடுத்துவிட வேண்டியிருக்கும்.

மஞ்சள் நிறம் அழுக்கல்ல. பல்லின் மேல் உறையான எனாமலுக்கு அடியில் டென்டின் என்று ஓர் அடுக்கு இருக்கிறது, அதன் நிறமே மஞ்சள். நிரந்தரப் பல்லில் அந்த அடுக்கின் தடிமன் அதிகம், அதனால் பால் வெள்ளையான பால்பல் பக்கத்தில் நிற்கும்போது மஞ்சளாகத் தெரிகிறது. வெண்மையாக்குகிறேன் என்று கரகரப்பான பொடி எதையும் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். ரம்பம் போன்ற விளிம்பில் மூன்று சிறு மேடுகள் இருக்கும், கடிக்கக் கடிக்கத் தேய்ந்து நேராகிவிடும். இன்னும் சில மாதங்களில் மேல்வரிசை முன்பற்களும் விழும். அங்கே வரும் பெரிய பற்கள் இரண்டுக்கும் நடுவே இடைவெளி இருக்கலாம், அவை விசிறி போல விரிந்தும் நிற்கலாம். 11, 12 வயதில் கோரைப்பல் இறங்கும்போது அந்த இடைவெளி பெரும்பாலும் தானே மூடிக்கொள்ளும். 7 வயதில் அதைப் பார்த்துக் கம்பி போட வேண்டுமா என்று தவிக்காதீர்கள். அவள் இன்னும் விரல் சூப்புகிறாள் என்றால் மட்டும் அதை நிறுத்த உதவுங்கள், நிரந்தரப் பல் வரும் காலத்தில் அந்தப் பழக்கம் தாடையின் வடிவத்தையே மாற்றும்.

விழுந்த இடத்தில் ஆறு மாதமாகியும் புதுப் பல் வரவில்லை என்றால் ஓர் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். உங்கள் மகளுக்கு நுனி ஏற்கெனவே தெரிவதால் அந்தக் கேள்வியே இல்லை.

"எப்படியும் விழப்போகிற பல்தானே?"

இப்போது அந்தச் சில வரிகளுக்கு வருகிறேன். உங்கள் கணவர் கேட்டதை வாரம் ஒருவராவது என்னிடம் கேட்கிறார்கள். கேட்பதற்கு நியாயமாகவும் இருக்கிறது. முன்பல் தானாக விழுந்தது, இதுவும் விழும், இதற்கு ஏன் செலவு? இதில் விட்டுப்போவது காலக்கணக்கு. மொத்தம் 20 பால்பற்கள் இருக்கின்றன. அவை ஒரே சமயத்தில் விழுவதில்லை. முன்பற்கள் 6 வயதிலிருந்து 8 வயதுக்குள் போய்விடும். கடைவாய்ப் பால்பற்களோ 9 வயது முதல் 12 வயது வரை நிற்கும். வரிசையின் கடைசியில் இருக்கும் இரண்டாவது கடைவாய்ப் பால்பல் 10 வயதுக்கு முன்னால் விழுவது அரிது. உங்கள் மகளின் சொத்தைப் பல் அதுவானால், அது இன்னும் குறைந்தது மூன்று ஆண்டுகள், பெரும்பாலும் நான்கைந்து ஆண்டுகள் வாயில் இருக்க வேண்டிய பல். இரவில் தூக்கத்திலிருந்து எழுப்பும் வலியோடு ஒரு குழந்தை அத்தனை ஆண்டுகள் இருக்க முடியாது.

இரவு வலி என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இந்தப் பதிலை அவசரமாக எழுதுகிறேன். இனிப்பு பட்டால் மட்டும் வந்து போகும் வலி வேறு. தானாக, அதுவும் படுத்த பிறகு வரும் வலி, சொத்தை பல்லின் நரம்பு வரை போயிருப்பதற்கான அறிகுறி. பால்பல்லில் எனாமல் மெல்லியது, நரம்பு இருக்கும் அறை பெரியது. அதனால் சொத்தை உள்ளே இறங்க அதிக நாள் எடுத்துக்கொள்வதில்லை. அங்கிருந்து கிருமி வேர் வழியே கீழே இறங்கினால், அடியில் உருவாகிக்கொண்டிருக்கும் நிரந்தரப் பல்லின் எனாமலையே பாதிக்கலாம். பிற்பாடு அந்தப் பல் வெள்ளை, பழுப்புத் திட்டுகளோடும் பள்ளங்களோடும் வெளியே வரும்.

இந்தப் பல் செய்யும் வேலை மெல்லுவது மட்டுமல்ல. தனக்குக் கீழே வளரும் பல்லுக்கு இடம் பிடித்து வைத்திருப்பதும் அதன் வேலை. அது காலத்துக்கு முன்பே போய்விட்டால், பின்னால் இருக்கும் பெரிய பல் அந்தக் காலி இடத்துக்குள் சாய்ந்து நகரும். பல் எடுத்த முதல் ஆறு மாதத்தில்தான் இந்த நகர்வு மிக வேகமாக நடக்கும். வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது, வலியும் இருக்காது. 11 வயதில் அடுத்த பல் மேலே வர முயலும்போது கதவு சாத்தியிருக்கும். ஈறுக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும், அல்லது வரிசையை விட்டு விலகி முளைக்கும். அந்த நிலையில் வரும் குழந்தைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனது கனக்கும். நான்கு வருடத்துக்கு முன் ஒரு மணி நேரத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலை, இப்போது இரண்டு வருடம் கம்பி போட்டுச் சரிசெய்ய வேண்டியதாகிவிடுகிறது. செலவைப் பற்றித்தான் உங்கள் கணவர் யோசிக்கிறார் என்றால், இந்தக் கணக்கையும் அவரிடம் சொல்லுங்கள்.

உங்களுக்கு இருக்கும் வழிகள் இவை. சொத்தை நரம்பைத் தொடவில்லை என்று எக்ஸ்ரேயில் தெரிந்தால் சுத்தம் செய்து அடைத்துவிடலாம். இரவு வலியை வைத்துப் பார்த்தால் அந்த எல்லையை அது தாண்டியிருக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நேரில் பார்க்கும் டாக்டர்தான் முடிவு சொல்ல முடியும். நரம்பின் மேற்பகுதி மட்டும் கெட்டிருந்தால் அதை மட்டும் எடுத்து மருந்து வைக்கலாம். வேர் வரை போயிருந்தால் வேரையும் சுத்தம் செய்ய வேண்டும். இரண்டிலும் முடிவில் பல்லின் மேல் ஓர் எஃகு உறை போடுவார்கள். பளபளப்பாக உலோக நிறத்தில் இருக்கும், பார்க்கச் சிலருக்குப் பிடிக்காது. ஆனால் நான்கைந்து ஆண்டுகள் தேயாமல் நிற்கும், பல் விழும்போது அதோடு சேர்ந்து விழுந்துவிடும். நான் தாயாக இருந்தால் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன். வேரடியில் சீழ் கட்டி எலும்பு கரைந்திருந்தால் பல்லை எடுப்பதே நல்லது. அப்போது இடத்தைக் காக்க ஒரு சிறு உலோக வளையம் வைக்க வேண்டும். "எடுத்துவிடலாம்" என்று சொல்லும் டாக்டரிடம் "இடம் மூடாமல் இருக்க என்ன செய்யப்போகிறீர்கள்?" என்று தயங்காமல் கேளுங்கள். எக்ஸ்ரேயைக் காட்டி விளக்கச் சொல்லுங்கள். வேண்டுமென்றால் இன்னொரு டாக்டரிடமும் கருத்துக் கேட்கலாம். அது உங்கள் உரிமை, எந்த நல்ல டாக்டரும் அதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

அது பால்பல் அல்ல

சொத்தைப் பல்லுக்குப் பின்னால் "இன்னொரு பெரிய பால்பல்" முளைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். 6 வயதில், எந்தப் பல்லும் விழாமல், வரிசையின் கடைசியில் புதிதாக முளைக்கும் பெரிய கடைவாய்ப் பல் நிரந்தரப் பல். வாழ்நாள் முழுவதற்கும் அது ஒன்றுதான், இன்னொன்று வராது. மேலும் கீழும் இரு பக்கமுமாக நான்கு முளைக்கும். எதுவும் விழாமல் வருவதால் பெற்றோர் பலருக்கு இது வந்ததே தெரிவதில்லை. தெரிந்தாலும் பால்பல் என்று நினைத்துவிடுகிறார்கள். வாயில் மிகச் சீக்கிரம் சொத்தையாகும் நிரந்தரப் பல்லும் இதுதான். புதிதாக முளைத்த எனாமல் முழுமையாக இறுகச் சில ஆண்டுகள் ஆகும். பல் பக்கத்துப் பல்லின் உயரத்துக்கு வர மாதக்கணக்கில் ஆகும், அதுவரை பிரஷ் அதன் தலைக்கு மேலேயே போய்விடும். ஈறின் ஓர் இதழ் பாதி மூடியிருப்பதால் அடியில் உணவும் தங்கும்.

கறுப்புக் கோடு வெறும் கறையாக இருக்கலாம், சொத்தையின் தொடக்கமாகவும் இருக்கலாம். கண்ணாடி வைத்து வீட்டில் பார்த்துச் சொல்லிவிட முடியாது. தொடக்கம்தான் என்றால் இப்போதே நிறுத்திவிடலாம். சொத்தை இல்லை என்றால், பல் முழுதாக வெளிவந்ததும் அந்தப் பள்ளங்களை ஒரு மெல்லிய பூச்சால் அடைத்துவிடச் சொல்லுங்கள். ஊசியும் வேண்டாம், குடைவதும் இல்லை. சொத்தையைத் தடுக்க ஃப்ளோரைடு வார்னிஷ் பூசுவதைப் பற்றியும் கேளுங்கள்.

மறுபடி வாய் திறக்க வைப்பது

நான்கு நாள்கள் துலக்காமல் விட்டதற்கு அந்தக் கிராம்பு எண்ணெய்தான் காரணம். இன்றிரவு அவளிடம், "அன்று தடவியது எரிந்தது, அது அம்மா செய்த தவறு, இனி அதைத் தடவ மாட்டேன்" என்று சொல்லுங்கள். குழந்தைகள் இதை நாம் நினைப்பதைவிட நன்றாகப் புரிந்துகொள்வார்கள். பிறகு பிரஷை அவள் கையில் கொடுத்து முதலில் உங்கள் பல்லை அவள் துலக்கட்டும். அடுத்தது உங்கள் முறை. அவளுக்குப் பின்னால் நின்று, தலையை உங்கள் மார்பில் சாய்த்துக்கொண்டு, ஒரு கையால் கன்னத்தை மெல்ல விலக்கிக் கடைவாயிலிருந்து தொடங்குங்கள். குழி இருக்கும் இடத்தைக் கடைசியில், மென்மையான பிரஷால் தொட்டும் தொடாமலும் ஒருமுறை.

அந்தப் பெரிய கடைவாய்ப் பல்லுக்கு மட்டும் பிரஷைக் கன்னத்தின் பக்கத்திலிருந்து குறுக்காக உள்ளே விட்டுத் துலக்க வேண்டும், நீளவாக்கில் போனால் அது எட்டாது. பற்பசையில் ஃப்ளோரைடு குறைந்தது 1000 பிபிஎம் இருக்கிறதா என்று உறையில் பாருங்கள். 6 வயதுக்கு மேல் 1350 முதல் 1500 வரை உள்ளதையும் பயன்படுத்தலாம். பட்டாணி அளவு போதும். துலக்கி முடித்ததும் நுரையைத் துப்பச் சொல்லுங்கள், தண்ணீர் விட்டுக் கொப்பளிக்க வேண்டாம், பல்லில் ஒட்டியிருக்கும் ஃப்ளோரைடுதான் இரவெல்லாம் வேலை செய்கிறது. காலையும் இரவும் இரண்டு நிமிடம். அவளே துலக்கினாலும் 8 வயது வரை ஒரு சுற்று நீங்கள் துலக்கிவிடுங்கள். அந்த வயதுவரை கை அவ்வளவு நுணுக்கமாகத் திரும்பாது.

பேச்சில் "ஸ", "ச" சற்றுக் குழறினால் திருத்திக்கொண்டிருக்காதீர்கள். புதுப் பல் வந்ததும் சரியாகிவிடும்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், இனி அவள் வாயில் நிரந்தர முன்பற்கள் இருக்கப்போகின்றன. விழுந்து அடிபட்டுப் பால்பல் ஒன்று முழுசாகப் பெயர்ந்து வந்தால் அதைத் திரும்பக் குழியில் வைக்கக் கூடாது, அடியில் உள்ள பல்லைக் காயப்படுத்தும். நிரந்தரப் பல் பெயர்ந்து வந்தால் நேர்மாறு. வேரைத் தொடாமல் தலைப்பகுதியைப் பிடித்து, அழுக்கு இருந்தால் சில விநாடி மட்டும் தண்ணீரில் அலசி, உடனே குழியில் பொருத்தி, துணியைக் கடிக்கச் சொல்லி ஓட வேண்டும். பொருத்த முடியாவிட்டால் பாலில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். அரை மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தால் பல் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு.

எப்போது போவது?

கடைவாய்ப் பல்லுக்காக இந்த வாரத்துக்குள் குழந்தைகள் பல் டாக்டரிடம் நேரம் வாங்குங்கள். கன்னமோ தாடையின் அடிப்பகுதியோ வீங்கினால், காய்ச்சல் வந்தால், வாய் திறக்கவோ விழுங்கவோ சிரமப்பட்டால் நாள் பார்க்காதீர்கள், அன்றே, இரவானாலும், மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். அடுத்த ஆடும் பல்லை அவள் விழுங்கிவிட்டால் பதற வேண்டாம், வயிற்றின் வழியே போய்விடும். விழுங்கும்போது புரையேறி இருமல் நிற்காமல், மூச்சில் சத்தம் வந்தால்தான் அவசரம்.

"ஒன்றும் வலிக்காது" என்று அவளிடம் முன்கூட்டி வாக்குக் கொடுக்காதீர்கள். "ஊசி" என்ற சொல்லையும் எடுக்காதீர்கள். "டாக்டர் உன் புதுப் பல்லை எண்ணிப் பார்க்கப்போகிறார்" என்று மட்டும் சொல்லுங்கள். தூங்கி எழுந்து தெம்பாக இருக்கும் காலை நேரமாகப் பார்த்து வாங்குங்கள். விழுந்த பல்லை ஒரு சின்ன டப்பாவில் போட்டு அவள் கையிலேயே கொடுத்துவிடுங்கள். அந்தக் குழிந்த அடிப்பகுதியையும் வேர் ஏன் இல்லை என்பதையும் அவளே டாக்டருக்குச் சொல்லட்டும். சொல்வதற்கு வாயிலிருந்து கையை எடுத்தாக வேண்டும்.